பரண்மேல் இருக்கிறது பினாங்கு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் பழைய பெட்டி, பழைய தெரு, பழைய கடை பற்றியவை. எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: தாத்தா தவறி ஓராண்டு ஆகப்போகிறது. வீட்டை ஒழிக்கும்போது கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. ஜப்பான்காரன் காலத்து நோட்டு ஒரு கட்டு, கப்பல் சீட்டு, பழைய அடையாள அட்டை, யார் எவர் என்று தெரியாத படங்கள், ஒரு கத்தை கடை ரசீது. நோட்டை லோரோங் குலிட் சந்தையில் விற்றுவிட்டு மற்றதைக் குப்பையில் போடலாம் என்கிறார் அண்ணன். என்ன செய்யட்டும்? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: அண்ணனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் அம்மா. அவர் விற்க நினைப்பதுதான் அந்தப் பெட்டியிலேயே மதிப்புக் குறைந்தது. எறிய நினைப்பதை ஒரு தாள்கூட விடாமல் எடுத்து வையுங்கள்.

நோட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பத்து வெள்ளி (டாலர்) நோட்டை எடுத்துப் பாருங்கள், வாழைமரம் இருக்கும். நம் வீடுகளில் அதை வாழைமர நோட்டு என்றே சொல்வார்கள். ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு குறியும் இருக்கும். அது மலாயாவுக்கு அச்சடித்தது என்பதற்கு அடையாளம். பர்மாவுக்கு அடித்ததில் ‘பி’ இருக்கும். ஆரம்பத்தில் வந்த நோட்டுகளில் வரிசை எண் உண்டு. பிறகு எண்கூடப் போடாமல் அச்சடித்துத் தள்ளினார்கள், விலைவாசி தலைக்கு மேல் போனது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அந்தப் பணம் செல்லாமல் போயிற்று. பாடுபட்டுச் சேர்த்த குடும்பங்கள் கட்டோடு கையில் வைத்துக்கொண்டு நின்றன. இன்றைக்கும் இவ்வளவு நோட்டு கிடைப்பது அதனால்தான். இவ்வளவு கிடைக்கிறபோது வாங்குகிறவர் பெரிய விலை தரமாட்டார். வரிசை எண்ணோடு, மடிப்பு விழாமல் இருப்பதை மட்டும் தனியே எடுத்து வைத்து, நாணயம் சேகரிப்பவர் ஒருவருக்கு இருவரிடம் காட்டி விசாரியுங்கள்.

அடுத்தது கப்பல் சீட்டு. அதில் ‘ரஜூலா’ என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். 1926இல் கட்டிய கப்பல், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. நம்மில் எத்தனையோ குடும்பங்களின் கதை அந்தக் கப்பலின் தளத்தில்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்தது ‘சிதம்பரம்’. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்தது. கப்பலேறி ஊருக்குப் போய்வந்த காலமும் அதோடு சரி.

நாகப்பட்டினத்தில் ஏறியவர்களுக்குக் கண்ணில் பட்ட முதல் மலாயாக் கரை பினாங்குதான். தொற்றுநோய்க்கு அஞ்சி, வந்தவர்களைப் பக்கத்திலிருக்கும் ஜெரஜாக் தீவில் இறக்கி வைத்திருந்துவிட்டு அனுப்பிய காலமும் உண்டு. உங்கள் தாத்தாவின் சீட்டில் தேதி தெளிவாக இருந்தால், உங்கள் குடும்பம் இந்த நாட்டில் காலெடுத்து வைத்த நாள் அநேகமாக அதுதான். அதை எந்தச் சந்தையில் போய் வாங்க முடியும்?

அடையாள அட்டையும் அப்படித்தான். 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் வந்தபோதுதான் இங்கே எல்லாருக்கும் அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். பழைய அட்டையில் அப்போது குடியிருந்த முகவரி இருக்கும். உங்கள் அப்பாவுக்கே தெரியாத தெருப் பெயர் ஒன்று அதில் வரலாம்.

இனி ரசீது. எல்லாரும் முதலில் எறிவது இதைத்தான், எனக்குத் தாங்க முடியாத விஷயமும் இதுதான். என் அம்மா மார்க்கெட் ஸ்ட்ரீட் மளிகைக் கடை ரசீதுகளைக் கம்பியில் கோத்து வைத்திருந்தார். மெல்லிய மஞ்சள் தாள், கார்பன் நீலத்தில் எழுத்து. அரிசி, மிளகாய், துவரம்பருப்பு, காப்பித்தூள், நல்லெண்ணெய் என்று வரிசையாகப் போய், கூட்டலுக்கு மேலே ‘பழைய பாக்கி’ என்று ஒரு வரி. சில மாதங்களில் அந்த வரியே இல்லை. சில மாதங்களில் சாமான் விலையைவிடப் பாக்கி பெரிதாக இருக்கும். அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலையில் இருந்தார். எந்த மாதம் கப்பல் வந்தது, எந்த மாதம் வேலை இல்லாமல் அஞ்சடியில் (கடை முன்னால் இருக்கும் நடைபாதையில்) உட்கார்ந்திருந்தார் என்பதை அந்தப் பாக்கி வரியை வைத்தே சொல்லிவிடலாம். அம்மா ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

படங்களைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை இருக்கும், பென்சிலில் ஓர் எண்ணும் இருக்கலாம். பிறகு படங்களை எடுத்துக்கொண்டு குடும்பத்தில் மூத்தவர் வீட்டுக்குப் போங்கள். பெரியம்மாவோ சின்னத்தாத்தாவோ யாராக இருந்தாலும் சரி, இந்த வாரமே போங்கள். அவர் பெயர் சொல்லச் சொல்ல, மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள்: யார், எந்த ஊர், என்ன விசேஷம். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பெயர் எழுதாத படம் அடுத்த தலைமுறைக்கு யாரோ ஒருவர் படம்தான்.

லேமினேட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா வேண்டாம். பசை தடவிய பிளாஸ்டிக் ஆல்பமும் வேண்டாம், படத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. துருப்பிடித்த குண்டூசி, கிளிப், ரப்பர் வளையம் எல்லாவற்றையும் மெதுவாக எடுத்துவிட்டு, சாதாரண வெள்ளைக் காகித உறையில் வகைவகையாகப் போடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு, மழையில்லாத நாள் பார்த்துப் பெட்டியை நிழலில் திறந்து வைப்பது நல்லது. அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆயிர் ஈத்தாமுக்கு டிராம் வண்டி ஓடியதாக அப்பா அடித்துச் சொல்கிறார். அவருக்கு எழுபத்தைந்து வயது. உண்மைதானா? (வாசகர், ஆயிர் ஈத்தாம்)

பதில்: ஓடியது உண்மை, ஐயா. மின்சார டிராம் 1906இல் தொடங்கி 1936 வரை ஓடியது. ஆயிர் ஈத்தாமுக்கும் வந்தது. ஆனால் உங்கள் அப்பா கண்ணால் பார்த்தது டிராலி பஸ்ஸாகத்தான் இருக்கும். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே ரப்பர் சக்கரத்தில் ஓடும் வண்டி. 1925இல் வந்து 1961 வரை இருந்தது. பெரியவர்கள் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிடுவது வழக்கம். தண்டவாளம் பார்க்க ஆசையிருந்தால், சூலியா ஸ்ட்ரீட்டும் பினாங்கு ரோடும் சேரும் இடத்தில் ரோட்டைத் தோண்டியபோது பழைய டிராம் தண்டவாளம் வெளியே வந்ததை அப்பாவிடம் சொல்லுங்கள். பேச்சு நல்லபடியாகத் தொடங்கும்.

கேள்வி: தைப்பூசத்துக்குப் பினாங்கு வர இருக்கிறோம். வெள்ளி ரதம் எவ்வளவு பழையது? எங்கே நின்று பார்த்தால் நல்லது? (வாசகி, கிள்ளான்)

பதில்: நகரத்தார் 1894இல் காரைக்குடியிலிருந்து வரவழைத்த ரதம் அது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலையில் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டு, தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலுக்குப் போகும். மலைமேல் பாலதண்டாயுதபாணி கோவிலின் தங்க ரதம் 2017 முதல் வருகிறது. இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், புறப்படும் இடத்திலேயே விடியற்காலையில் நில்லுங்கள். தேங்காய் மலைபோல் குவிந்திருக்கும். நம்மவர்கள் மட்டுமல்ல, சீனக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நேர்ந்துகொண்டு உடைக்கிறார்கள். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், ரோடு முழுக்கத் தேங்காய்த் தண்ணீரும் உடைந்த ஓடுகளும்தான். ரதம் தாண்டியதும் நகராண்மைக் கழகத் தொழிலாளர்கள் மண்வாரியோடு இறங்கிவிடுவார்கள். அவர்கள் வேலை செய்கிற வேகத்தை நின்று பாருங்கள். அதுவும் திருவிழாவில் சேர்ந்ததுதான்.

கேள்வி: என் சிறு வயதில் குயின் ஸ்ட்ரீட், கிங் ஸ்ட்ரீட் மாடிகளில் எங்கும் தமிழ்க் குடும்பங்கள். இப்போது போனால் தங்கும் விடுதியும் காப்பிக் கடையும்தான். எல்லாரும் எங்கே போனார்கள்? (வாசகர், ரெலாவ்)

பதில்: நீங்கள் ரெலாவிலிருந்து எழுதுகிறீர்கள். பதிலில் பாதி உங்கள் முகவரியிலேயே இருக்கிறது.

நானும் கிங் ஸ்ட்ரீட்டில் வளர்ந்தவள்தான். எங்கள் மாடியில் எத்தனை குடும்பம் என்று கேட்டால் பலகைத் தடுப்பை எண்ணித்தான் சொல்ல வேண்டும். ஒரே சமையற்கட்டு, ஒரே குழாய். அடுத்த தடுப்பில் குழந்தை இருமினால் எங்கள் வீட்டில் கற்பூரவல்லி கொதிக்கும். வாடகை மிகக் குறைவு, ஏனென்றால் சட்டம் இருந்தது. 1948 ஜனவரி வரை கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு. வீட்டுக்காரர் நினைத்தபடி ஏற்ற முடியாது, நினைத்தபடி காலி செய்யச் சொல்லவும் முடியாது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் முழுக்கக் கீழே கடையும் மேலே வீடுமான பழைய கடைவீடுகள் என்பதால் இங்கே அந்தச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்தவர்கள் ஏராளம்.

அடி இரண்டு பக்கத்திலிருந்தும் விழுந்தது. முதலில் பிழைப்பு. 1969இல் பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகம் என்ற நிலையை இழந்தது. சரக்கு வேலை சிறிது சிறிதாகப் பட்டர்வொர்த் பக்கம் போனது. துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அந்தத் தெருக்களில் நம்மவர்கள் குடியேறினார்கள். வேலை போனபின் பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் ஆபீசுக்கும் பஸ் ஏறினார்கள். அப்புறம் வீடு. 1997இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ரத்து செய்தார்கள், 2000 பிறந்தபோது பாதுகாப்பு இல்லை. சில குடும்பங்களுக்கு வாடகை ஒரே கடிதத்தில் பல மடங்காயிற்று. லோரி பிடித்துச் சாமான் ஏற்றிக்கொண்டு ஆயிர் ஈத்தாம், பாயா தெருபோங், ரெலாவ், பட்டர்வொர்த் என்று அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். எங்கள் தடுப்பில் இருந்தவர்கள் நான்கு திசைக்கும் சிதறினோம். அம்மிக்கல்லை யார் எடுத்துக்கொள்வது என்று அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கடைசியில் அக்காதான் கொண்டுபோனார், அவர் போன இடம் ஏழாவது மாடி.

2008 ஜூலை 7ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. எனக்கு அதில் நிஜமாகவே மகிழ்ச்சி. இல்லாவிட்டால் கடைவீடுகளில் பாதி இடிந்தே போயிருக்கும். ஆனால் கூரை ஓடு எந்த நிறம், ஜன்னல் எந்த அளவு என்று விதி இருக்கிறது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் குடியிருந்தவர்கள் திரும்பி வர விதி இல்லை. இதைப் பற்றி நாம்தான் தொடர்ந்து பேச வேண்டும். வாடகைக்குத் தரும் கடைவீடுகளில் சிலவற்றையாவது உள்ளூர்க் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு தெருவில் காலையில் கோலம் போடவும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடவும் ஆள் வேண்டும்.

ஒன்று சொல்லட்டுமா? நம்மவர்கள் முழுக்கப் போய்விடவில்லை. 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில் குயின் ஸ்ட்ரீட்டில் அதே இடத்தில் நிற்கிறது. முகூர்த்த நாளில் போய்ப் பாருங்கள். ரெலாவிலிருந்தும் பாயா தெருபோங்கிலிருந்தும் பட்டுப்புடவையோடு வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் பழைய தெருக்காரர்கள்தான். பூக்கடைக்காரர் பாதிப்பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் ஒரு பழைய முடிதிருத்தும் கடை அடுத்த மாதம் மூடுகிறது. கையால் எழுதிய பெயர்ப்பலகை ஒன்று இருக்கிறது. அதைக் காப்பாற்ற வழி உண்டா? (வாசகர், டத்தோ கிராமாட்)

பதில்: உண்டு தம்பி, ஆனால் முதலில் பலகையைப் பற்றிப் பேசாதீர்கள். போய் முடி வெட்டிக்கொள்ளுங்கள். கடை எப்படித் தொடங்கியது, நாற்காலி எங்கே வாங்கியது, தீபாவளிக்கு முந்தின இரவு எத்தனை மணி வரை திறந்திருப்பார் என்று கேளுங்கள். அனுமதி கேட்டு அதைப் பதிவு செய்யுங்கள். கண்ணாடி, கத்தி தீட்டும் தோல்வார், சுவரில் மாட்டிய சாமிப் படம், காலண்டர் எல்லாவற்றையும் அது அது இருக்கிற இடத்திலேயே படம் எடுங்கள். கழற்றி அடுக்கிய பிறகு எடுத்தால் கடை தெரியாது, சாமான்தான் தெரியும்.

பலகை அவருடையது. பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்குத்தான் முதல் உரிமை. யாரும் வேண்டாம் என்றால் பினாங்கு மாநில அருங்காட்சியகத்தையோ, 1986இலிருந்து இயங்கும் பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளையையோ கேட்டுப் பாருங்கள். கொடுக்கும்போது கடைக்காரர் பெயர், தெரு, திறந்த ஆண்டு, மூடிய நாள் எழுதிய ஒரு தாளைச் சேர்த்துக் கொடுங்கள். வர்ணம் உரிந்திருந்தால் புதிதாகப் பூசிவிடாதீர்கள், ஈரத்துணி போட்டும் தேய்க்காதீர்கள்.

கேள்வி: மாமனார் வெட்டி வைத்த தமிழ் நேசன் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. யாருக்காவது பயன்படுமா? (வாசகி, சுங்கை பாக்காப்)

பதில்: கட்டாயம் பயன்படும். 1924இல் தொடங்கிய பத்திரிகை, 2019இல் நின்றுவிட்டது. பத்திரிகைத் தாள் தானாகவே மஞ்சளாகிப் பொடியாகும், அதனால் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் நேராகப் படம் எடுத்துவிடுங்கள். பிறகு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு எழுதிக் கேளுங்கள். மாமனார் ஓரத்தில் ஏதாவது எழுதியிருந்தால், அந்தப் பக்கங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். விடுபட்ட பழைய இதழ் தேட சௌராஸ்தா சந்தை மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளுக்கு ஒருமுறை போய்வரலாம்.

கேள்வி: பழைய ஃபெரியில் தீவிலிருந்து இக்கரைக்குத் திரும்பும்போது காசே வாங்கமாட்டார்கள் என்று சொன்னால் என் மகன் நம்பவில்லை. (வாசகர், பிறை)

பதில்: மகனிடம் சொல்லுங்கள்: பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும்போது மட்டும்தான் காசு. திரும்பும்போது இலவசம். தீவுக்கு வந்தவர் எப்படியும் திரும்பித்தான் ஆக வேண்டும் என்ற கணக்கு. கீழ்த்தட்டில் லோரியும் காரும், மேலே நாமும் காற்றும் என்று போன அந்தப் பெரிய படகுகள் இப்போது அந்த வழியில் இல்லை. 2023 ஆகஸ்டில் வந்த புதுப் படகுகளில் ஆளும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான் போகலாம், காருக்கு இடமில்லை.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். பினாங்கில் குண்டு விழுந்தது நினைவிருக்கிறது என்கிறார். பேட்டி எடுக்கலாம் என்று நினைக்கிறேன். எப்படிக் கேட்பது? (கல்லூரி மாணவி, ஜெலுத்தோங்)

பதில்: உடனே போம்மா. ஜார்ஜ்டவுனில் பெரிய குண்டுவீச்சு 1941 டிசம்பர் 11ஆம் தேதி. விமானம் பார்க்க ஜனங்கள் தெருவில் வந்து நின்றார்கள், அதனால்தான் சாவு அவ்வளவு அதிகம். 19ஆம் தேதி ஜப்பானியர் உள்ளே வந்துவிட்டார்கள். அப்போது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது.

போர் எப்படி இருந்தது என்று கேட்டால், எல்லாரும் சொல்கிற பதிலையே அவரும் சொல்வார். அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள், எந்தத் தெரு, எங்கே ஓடி ஒளிந்தீர்கள் என்று கேளுங்கள். பிறகு சாப்பாடு. அரிசி எப்படிக் கிடைத்தது, மரவள்ளிக்கிழங்கை எத்தனை விதமாகச் சமைத்தார்கள், துணி எங்கே வாங்கினார்கள்? சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சு தானாக வரும். வீட்டில் யாராவது ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குப் போனார்களா என்பதைக் கடைசியில், மெதுவாகக் கேளுங்கள். தோட்டங்களிலிருந்து போன நம்மவர்களில் பல ஆயிரம் பேர் திரும்பவில்லை. பாட்டி அந்த இடத்தில் நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள், இன்னொரு நாள் போகலாம்.

தனியாகப் போகாமல் அவர் மகளையோ பேத்தியையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன பெயர்களை அவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். கைப்பேசியைப் பாட்டியின் மடிக்குப் பக்கத்தில் ஒரு துண்டின்மேல் வையுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் இரைச்சல்தான் பதிவாகும். பதிவு செய்ததை அன்றைக்கே வேறொரு இடத்திலும் சேமித்துவிட்டு, ஒரு பிரதியைப் பாட்டியின் குடும்பத்துக்குக் கொடுங்கள். எழுதி முடித்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.